மைக்கக்காவின் இடத்தை நிரப்பியவள்

பேருந்து நிலையத்தின் மாடியில், கீழேயுள்ள எட்டுத் தடங்களும் தெரியும்படி முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்த ஓர் அறை உண்டு. எந்தப் பேருந்து எந்தத் தடத்திலிருந்து எப்போது புறப்படும் என்பதை அந்த அறையில் உட்கார்ந்து பத்தொன்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் அறிவித்துவந்த பெண்மணியை, ஓட்டுநர் முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோரும் 'மைக்கக்கா' என்றே அழைத்தார்கள். அவரைவிட வயதில் மூத்த பரிசோதகர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். அது உறவைக் குறித்த சொல் அன்று. பதவியைக் குறித்த சொல்.

அந்தப் பதவியில் மைக்கக்காவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று. அவர் முகம் பயணிகள் எவருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர் எவரும் இல்லை. கடையில் போய், "அரைக் கிலோ குடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், அடுத்து நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

"நீங்கதானா அது? இத்தன வருஷமா உங்க பேச்சக் கேட்டுத்தான் பஸ் ஏறுறேன்."

"அப்படிங்களா" என்று ஒன்றும் அறியாதவர்போல் கேட்டுக்கொள்வார் மைக்கக்கா. ஆனால் அரைக் கிலோ வாங்கப் போன இடத்தில், தமக்கு வேண்டாத இரண்டு பொருள்களின் விலையையும் உரக்க விசாரித்துவிட்டுத்தான் திரும்புவார்.

அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். உயரமான கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டைப் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டி ஓடவைப்பது அவர் தொழில். எதையும் பிரித்துப்போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் பின்னால் வீட்டைப் படாதபாடு படுத்தியது.

முதலில் மைக்கக்காவின் குரல் கம்மியது. பிறகு, 'துறைமுகம் செல்லும் பேருந்து' என்று தொடங்கினால் 'துறை' மட்டும் வந்து 'முகம்' காற்றாகப் போயிற்று. தொண்டை மருத்துவரான அம்மையார் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்துவிட்டு, குரல் நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது, ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்.

"மெதுவாக்கூட பேசக் கூடாதுங்களா?" என்று கணவர் கேட்டார்.

"குசுகுசுன்னு பேசுறது இன்னும் கெடுதல். ஆறு வாரம் பேசாம இருந்தா அப்புறம் ஆயுசுக்கும் பேசலாம். இப்பப் பேசினா, அப்புறம் பேச வேண்டிய அவசியமே இருக்காது."

கணவரின் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்த ஒளியை மைக்கக்கா கவனித்துவிட்டார். திரும்பும் வழியில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கினார். அந்த நோட்டில் அவர் எழுதிய முதல் வாக்கியம், 'உள்ளூர உங்களுக்குச் சந்தோஷம்தானே?' என்பது.

விடுப்புக் கடிதம் போயிற்று. மறுநாள் காலை கைப்பேசியில் மேலாளரின் பதில் வந்தது. மேலாளர் தலைமை அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்துபோகிறவர், தமிழ் அறியாதவர், எதையும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார், அதுவும் தந்திபோல் சுருக்கமாக. மைக்கக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலமோ மொத்தம் பதினான்கு வாக்கியங்கள். அவற்றை நாள்தோறும் ஒலிபெருக்கியில் பிசிறில்லாமல் சொல்வார். பதினைந்தாவது வாக்கியம் எதிரே வந்தால் கணவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி. அடுத்த வரி, மூன்றாம் ஜன்னலில் பயணச்சீட்டுக் கொடுக்கும் பெண்ணைப் பற்றியது. அவள், 'வில் ஃபில் இன் ஃபார் யூ.' செய்தி அவ்வளவுதான்.

"இரு, பிரிச்சுப் பாத்துடலாம்" என்று கணவர் கையடக்க அகராதியை எடுத்தார்.

'ஃபில்' என்றால் நிரப்பு. 'இன்' என்றால் உள்ளே. 'ஃபார்' என்றால் பொருட்டு, பதிலாக. 'யூ' என்பதற்கு அகராதி தேவைப்படவில்லை. நான்கு பாகங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்து, கழற்றிய பற்சக்கரங்களைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"உனக்குப் பதிலா உள்ள நிரப்புவா. எத நிரப்புவா? எடத்தத்தான். அந்தப் பொண்ணு உன் எடத்த நிரப்புவான்னு எழுதியிருக்காரு."

மைக்கக்கா அருகிலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒருவருடைய இடத்தை நிரப்புவது என்ற பேச்சு நம்மிடையே எப்போது எழுகிறது? பணி ஓய்வுக் கூட்டத்தில் எழுகிறது. அதைவிட மிகுதியாக இரங்கல் கூட்டத்தில் எழுகிறது. 'அன்னாரின் இடத்தை எவராலும் நிரப்ப இயலாது' என்று தொண்டை கரகரக்கச் சொல்லிவிட்டு உட்காருகிறோம். திரும்பி வரப்போகிறவரைப் பற்றி எவரும் அப்படிப் பேசுவதில்லை. முந்தின ஆண்டு பழைய நிலையக் கண்காணிப்பாளரை வழியனுப்பியபோது, அந்த வாக்கியத்தை ஒலிபெருக்கியில் வாசித்தவரே மைக்கக்காதான். அவர் இடத்தையாவது நிரப்ப முடியாது என்றார்கள். தம் இடத்தையோ, விடுப்பு எழுதிக் கொடுத்த மறுநாளே நிரப்பிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ஒரு சின்னஞ்சிறு சொல் ஒட்டிக்கொண்டால், இரண்டும் தத்தம் பொருளை விட்டுவிட்டு மூன்றாவதொரு பொருளுக்குக் குடிபோய்விடுவதுண்டு. இது நமக்கு ஒன்றும் புதிதன்று. 'போட்டுக்கொடுத்தான்' என்கிறோம், அங்கே போட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. 'வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்கிறோம். எந்தக் கடையில் வாங்கினான், எந்தக் கயிற்றால் கட்டினான் என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழ் அறியாத ஒருவர் அகராதியை மட்டும் நம்பி இவற்றைப் பிரித்தால் என்ன ஆகுமோ, அதுவே அன்று அந்த ஆங்கில வரிக்கு ஆயிற்று. பிரித்தால் புரியும் பொருள்கள் உண்டு. பிரித்தால் உயிர் போய்விடும் பொருள்களும் உண்டு. லிஃப்ட் முதல் வகை.

"வேணும்னா போன் பண்ணி அவர்கிட்டயே கேட்டுடவா?" என்றார் கணவர்.

மைக்கக்கா நோட்டில் எழுதினார்: 'கெஞ்சப் போகிறீர்களா?' பிறகு 'கெஞ்ச' என்பதன்கீழ் இரண்டு கோடு போட்டார். கணவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் ஜன்னல் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. இருபத்தாறு வயது. அவளுக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. நிலையத்தில் அதை எவரும் பயன்படுத்தியதில்லை. நேர மாற்றச் சீட்டுகளை மாடிக்குக் கொண்டுவருபவள் அவள்தான். கொடுத்தோம் போனோம் என்று இருக்கமாட்டாள். ஒரு நிமிடம் நிற்பாள். மைக்கின்மீது மாட்டிய பஞ்சுறையை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

"இதுல பேசினா எப்படி இருக்கும்க்கா?" என்று ஒரு முறை கேட்டாள்.

"பேசின மாதிரி இருக்கும்" என்று மைக்கக்கா அன்றே அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த விரல் அன்றே அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

நான்காம் நாள் மைக்கக்காவால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் போய் நான்காம் தடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மாடிக் கண்ணாடிக்குள் ஒரு தலை தெரிந்தது. தம் தலை தெரிந்திருக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு சாண் மேலே தெரிந்தது. நாற்காலியை உயர்த்தியிருக்கிறாள். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த நாற்காலியின் விசையை மைக்கக்கா இரண்டே முறைதான் தொட்டிருந்தார்.

அறிவிப்பு மணி ஒலித்தது. குரல் வந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவரின் தோளருகே இன்னொரு குரலும் வந்தது. எதிர்ப் பக்கத்து டீக்கடைக்காரர் கோப்பையோடு நின்றார். "என்னக்கா, வேவு பாக்க வந்தீங்களா? தலையில துணியச் சுத்தினா தெரியாதா எங்களுக்கு."

மைக்கக்கா வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"தெரியும், தெரியும், பேசக் கூடாது. நானே பேசுறேன். அந்தப் பொண்ணாவே போயி, நான் பண்றேன் சார்னு கேட்டுச்சாம். கேக்குறதுக்கும் ஒரு தைரியம் வேணுமில்ல? ஆனா ஒண்ணு சொல்லணும், நல்லாத்தான் பேசுது. காதுக்கு வெல்லம் மாதிரி இருக்கு."

அந்த டீயில் சர்க்கரை போதாது என்று மைக்கக்காவுக்கு அதுவரை தோன்றியதில்லை. பாதியில் வைத்துவிட்டார்.

அன்று முதல் நாள் தவறாமல் போனார். நோட்டின் முன்பக்கங்கள் கணவருக்கானவை. பின்பக்கங்களில் 'குற்றங்கள்' என்று தலைப்பிட்டு எண் போட்டு எழுதலானார். ஒன்று, ழகரம் இல்லை. ஏழாம் தடம் 'ஏளாம் தடம்' ஆகிறது. இரண்டு, மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கிறது. மூன்று, மணி அடங்குவதற்குள் பேச்சைத் தொடங்குகிறாள். நான்கு, 'தயவுசெய்து' என்பதைக் கெஞ்சுவதுபோல் சொல்கிறாள். இப்படியே ஆறு வரை போயிற்று. ஆறும் உண்மையான குற்றங்களே. ஆகவே ஆறையும் எழுதும்போது மைக்கக்காவுக்கு மனம் குளிர்ந்தது.

ஏழாவது அப்படியன்று.

'துறைமுகம் செல்லும் பேருந்து ஐந்தாம் தடத்திலிருந்து' என்று மைக்கக்கா ஒரே மூச்சில் சொல்வார். அதன் பின்புதான் நிறுத்துவார். அவர் அறைக் கண்ணாடி வழியே பத்தொன்பது ஆண்டுகளாகக் கண்ட காட்சி ஒன்று உண்டு. அறிவிப்பு முடிந்ததும் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் விரல்களை ஆட்டி, எத்தனையாவது என்று கேட்பார்கள். பயணிகளின் காது மந்தம் என்பது அதற்கு மைக்கக்கா கண்ட விளக்கம்.

அந்தப் பெண்ணோ 'பேருந்து' என்று சொன்னவுடன் நிறுத்தினாள். அரை நொடிதான். அந்த அரை நொடியில் எட்டுத் தடங்களிலும் தலைகள் நிமிர்ந்தன. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். அதன் பிறகு, 'ஐந்தாம் தடத்திலிருந்து' என்றாள். கால்கள் நேராக ஐந்தாம் தடத்துக்கு நடந்தன. ஒருவரும் ஒருவரையும் பார்த்து விரலை ஆட்டவில்லை.

மைக்கக்கா இதைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள், 'ஏழு, எண்ணுக்கு முன்னால் தேவையில்லாமல் நிறுத்துகிறாள்' என்று எழுதி, பேனா முனை தாளைக் கிழிக்கும்படி அடிக்கோடிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மேல்மாடியில் குடியிருந்த நாத்தனார் மாலையில் இறங்கி வந்தாள். அண்ணன் மனைவி பதில் சொல்ல முடியாத நிலையில் இருக்கும் ஆறு வாரத்தை அவள் ஒரு நாள்கூட வீணாக்கவில்லை.

"அண்ணி, இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். உங்க குரல் என்னமா எளசாயிடுச்சு. ரெஸ்ட் எடுத்தா இப்படி ஆகும்னா நானும் ஆறு வாரம் பேசாம இருந்து பாக்கலாம்னு இருக்கேன்."

"நீயா? பேசாமயா?" என்று கணவர் சிரித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா, சும்மா சொல்லக் கூடாது. அந்தப் பொண்ணு பரவால்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நோட்டு அவர் முன் நீண்டது. 'பரவாயில்லை என்றால்?'

"பரவால்லன்னா... பரவால்ல."

'பிரித்துச் சொல்லுங்கள்' என்று எழுதினார் மைக்கக்கா.

மூன்று வாரம் கழிந்தது. நான்காம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை, மைக்கக்கா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலாளருக்குக் கடிதம் எழுதினார். 'என் இடம் நிரப்பப்பட்டுவிட்டபடியால், நான் பணிக்குத் திரும்ப வேண்டிய தேவை இனி இல்லை. என்னைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்.' துரத்தப்படுவதற்கு முன் தாமே எழுந்து போய்விட்டால், போனவர் என்ற பெயராவது மிஞ்சும். நிரப்பப்பட்டவர் என்ற பெயர் வேண்டாம்.

மேலாளருக்கு வரும் தமிழ்க் கடிதங்கள் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னாலுள்ள தட்டில் சேரும். வியாழக்கிழமை அவர் வரும்போது அவற்றைப் படித்து ஆங்கிலத்தில் சொல்வது, மைக்குக்குப் போன பிறகும், அந்தப் பெண்ணின் வேலை. மைக்கக்காவுக்கு இது தெரியும். தெரிந்தேதான் உறையை ஒட்டாமல் விட்டார். அவளே படிக்கட்டும், தன் வாயாலேயே படித்துச் சொல்லட்டும், சொல்லும்போது அந்த வெல்லக் குரல் கொஞ்சமாவது இடறுகிறதா என்று பார்ப்போம். பார்க்கத் தாம் அங்கே இருக்கப்போவதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை தொண்டை மருத்துவரிடம் மறுபரிசோதனை. மருத்துவமனைக் கதவில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். கணவர் நின்று வாசித்தார். மருத்துவ அம்மையார் இன்று இல்லை. வேறொரு மருத்துவர் 'இஸ் ஃபில்லிங் இன்.'

கணவர் 'உச்' கொட்டினார். "பாவம், அந்தம்மா எடத்தயும் நிரப்பிட்டாங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, துக்க வீட்டில் பேசும் குரலில் வரவேற்பு மேசைப் பெண்ணை அணுகினார். "அம்மாவுக்கு என்னங்க ஆச்சு? திடீர்னா?"

"எந்த அம்மாவுக்கு?"

"டாக்டரம்மாவுக்கு. போன மாசம்கூட நல்லா இருந்தாங்களே."

"இப்பவும் நல்லாத்தான் சார் இருக்காங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. திங்கக்கெழம வந்துடுவாங்க."

"வருவாங்களா? ஆனா கதவுல, எடத்த நிரப்பியாச்சுன்னு போட்டிருக்கே."

அந்தப் பெண் கதவை எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நிரப்பலாம் இல்ல சார். ஃபில்லிங் இன்னா, அவங்க வர்ற வரைக்கும் இவரு பாத்துக்குவாருன்னு அர்த்தம். ரெண்டு நாள் ஒப்பேத்துறதுதான். நாற்காலி எப்பவும் அவங்களோடதுதான்."

கணவர் மிக மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். மூன்றரை வாரமாகச் சேர்ந்துபோயிருந்த பேச்சு முழுவதும் மைக்கக்காவின் கண்களில் வந்து நின்றது.

"அகராதியில அப்படிப் போடலம்மா" என்றார் கணவர்.

மைக்கக்கா நோட்டை எடுத்தார். நின்றபடியே கிறுக்கினார். 'கடிதம். நேற்று வியாழன்.'

கடிதத்தைப் பற்றிக் கணவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும், பரிசோதனை, முறைச்சீட்டு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு இருவரும் வெளியேறினார்கள். வழியெல்லாம் கணவர் பேசிக்கொண்டே வந்தார். ஒன்றும் மைக்கக்காவின் காதில் விழவில்லை. காலியே ஆகாத இடத்தைத் தம் கையாலேயே காலிசெய்து, ஒட்டாத உறையில் போட்டு, அதற்குக் காத்திருந்தவளின் தட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நேற்று அது மேலாளரின் காதுக்குப் போயிருந்தால், இந்நேரம் நிரப்புவதற்கு உண்மையாகவே ஓர் இடம் இருக்கும்.

மாடிப்படி ஏறும்போது அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது எவரும் உள்ளே நுழையக் கூடாது என்று விதி செய்தவரே மைக்கக்காதான். விளக்கு அணையும்வரை வாசலில் நின்று, ஏளாம் தடத்திலிருந்து எது புறப்படுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. பெண் நாற்காலியைத் திருப்பினாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"வாங்கக்கா. நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்."

மைக்கக்கா எழுதிக் காட்டினார். 'என் கடிதம் எங்கே?'

"எங்கிட்டதான் இருக்கு. நேத்து அவர்கிட்ட படிச்சுக் காட்டல."

மைக்கக்கா மறுபடி எழுதினார். 'ஏன்?'

"ஏனா? மொதல்ல நீங்க சொல்லுங்க. யாரு அவ?"

'எவள்?' என்று எழுதினார் மைக்கக்கா.

"'என் இடம் நிரப்பப்பட்டுவிட்டபடியால்'னு எழுதியிருக்கீங்களே. யாரப் போட்டிருக்காங்க? நான் இங்க தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாம இன்னொருத்திய எடுத்துட்டாங்கன்னா என்ன அர்த்தம்? வீட்டுல இருக்குற உங்களுக்குச் சொல்லத் தெரியுது, மைக்குல உக்காந்திருக்குற எனக்குச் சொல்லத் தெரியல. மூணு நாளா ஒவ்வொருத்தரா விசாரிக்கிறேன், எவனும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். இந்த லெட்டரப் படிச்சுக் காட்டினா அவ திங்கக்கெழமையே வந்து உக்காந்துக்குவா. அதான் குடுக்கல. தப்புன்னா தப்புன்னே வெச்சுக்குங்க."

மைக்கக்கா நோட்டில் ஒரு புதிய பக்கத்தைப் புரட்டினார். பிறகு எழுதினார். 'நீதான்.'

"நான்தான் என்ன?"

'நிரப்பியவள்.'

வாசலில் நின்ற கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கைப்பேசிச் செய்தி, அகராதி, நான்கு பாகங்கள் ஆகியவற்றை வரிசையாக எடுத்துச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப்போல் அன்றி, பழுதை விளக்கும் தொழிலாளியைப்போலவே சொன்னார். பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப வேற யாரும் இல்ல?"

'இல்லை.'

"நீங்க திரும்ப வந்துடுவீங்க?"

மைக்கக்கா தலையசைத்தார்.

"ஓ" என்றாள் அவள். இல்லாத ஒருத்தியின்மேல் மூன்று நாளாக மூட்டிவைத்த எரிச்சல் போக்கிடம் தேடி அந்தச் சிறிய அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. "ஆச இல்லன்னு சொன்னா பொய்க்கா. நானாத்தான் போய்க் கேட்டேன். ஆறு வாரம்தான்னு தெரிஞ்சேதான் கேட்டேன். ரெண்டு வாரம் வரைக்கும் நாளை எண்ணிக்கிட்டிருந்தேன். அப்புறம் எண்ணுறத விட்டுட்டேன்."

இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்து நீட்டினாள். உடனே விடவில்லை. இருவர் விரல்களும் ஒரு கணம் அந்த உறையைப் பிடித்திருந்தன. பிறகு அது மைக்கக்காவின் கைக்கு வந்தது. அவர் அதை எட்டாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கேயிருந்த குப்பைக்கூடையை நம்பவில்லை.

மேசைமேல் வைத்த நோட்டு மின்விசிறிக் காற்றில் பின்பக்கமாகப் புரண்டு திறந்துகொண்டது. பெண் குனிந்து பார்த்தாள். மைக்கக்கா கையை நீட்டுவதற்குள் தலைப்பைப் படித்துவிட்டாள்.

"ழ நெசமாவே வரலியாக்கா?"

மைக்கக்கா, வரவில்லை என்று தலையாட்டினார். அதைச் சொல்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

"மூச்சு கேக்குதா?"

கேட்கிறது.

"இந்த ஏழாவது என்ன, இவ்வளவு அழுத்திக் கோடு போட்டிருக்கீங்க?"

மைக்கக்கா நோட்டை மூடிவிட்டார்.

எஞ்சிய இரண்டரை வாரம் அவர் பேருந்து நிலையப் பக்கம் போகவில்லை. கெடு முடியும் நாளில் மேலாளரிடமிருந்து மறுபடி ஒரு செய்தி வந்தது. இரண்டே சொற்கள்: 'வெல்கம் பேக்.' கணவர் கண்ணாடியைத் தேடினார். "வெல்கம் தெரியும். பேக்னா முதுகு, பின்பக்கம்னு வரும். எதுக்கும் பிரிச்சு..."

மைக்கக்கா அகராதியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மருத்துவர் அனுமதித்த பின் அந்த வீட்டில் அவர் பேசிய முதல் சொல், "வேணாம்" என்பது. குரல் பழையபடியே இருந்தது. அடியில் மட்டும் சற்றுக் கனம் கூடியிருந்தது.

முதல் நாள் காலை அறைக்குள் போனதும் நாற்காலியின் விசையை அழுத்தி ஒரு சாண் இறக்கினார். பஞ்சுறையைக் கழற்றிப் புதியது மாட்டினார். மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அறிவிப்புத் தாளை வெளியே எடுத்தபோதுதான் அதில் பென்சில் குறிகள் இருப்பதைக் கண்டார். ஒவ்வொரு வாக்கியத்திலும் சிறுசிறு வளைவுகள். ஓரத்தில் பொடி எழுத்தில், 'அக்கா இங்கே மூச்சு', 'அக்கா இங்கே இறக்குவார்', 'மணிக்குப் பிறகு அக்கா இரண்டு எண்ணுவார், எனக்குப் பொறுமை இல்லை.'

ஆறு வாரத்தில் எழுதியவை அல்ல அவை. பென்சில் பல இடங்களில் மங்கிப் பழசாகியிருந்தது. சீட்டுக் கொடுக்க வந்து ஒரு நிமிடம் நின்ற நாள்களிலெல்லாம் கேட்டுப்போய், இதே வாக்கியங்களைத் தனித்தாளில் படியெடுத்துக் குறித்துவைத்து, மைக்குக்கு வந்தபோது அந்தத் தாளை இந்த உறைக்குள் மாற்றிவைத்திருக்கிறாள். தம்மைக் கேட்காமலே தம்மைப் படித்திருக்கிறாள். மைக்கக்காவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. வீட்டில் இல்லாத நேரத்தில் எவரோ தம் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு துணியையும் உடுத்திப் பார்த்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அழிப்பானை எடுத்தார். மேலிருந்து கீழாக, வரி வரியாக அழித்துக்கொண்டே வந்தார். எல்லாம் தம் நிறுத்தங்கள். அழித்தாலும் தம்மிடம் இருப்பவை.

துறைமுகப் பேருந்தின் வரியில் ஒரு குறி மட்டும் வேறு விதமாக இருந்தது. 'பேருந்து' என்பதற்கும் 'ஐந்தாம்' என்பதற்கும் நடுவே நேராக ஒரு கோடு. அதன் ஓரத்தில் 'அக்கா' என்ற சொல் இல்லை. எதுவுமே எழுதவில்லை.

அழிப்பான் அந்தக் கோட்டின்மேல் வந்து நின்றது. கடிகாரத்தில் புறப்பாட்டு நேரம் நெருங்கியது. மைக்கக்கா அழிப்பானைக் கீழே வைத்துவிட்டு மணியை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு எண்ணினார்.

"துறைமுகம் செல்லும் பேருந்து."

நிறுத்தினார். கண்ணாடிக்குக் கீழே தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மூன்றாம் ஜன்னலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. அந்தத் தலை மட்டும் நிமிரவில்லை.

"ஐந்தாம் தடத்திலிருந்து."

கால்கள் நேராக நடந்தன. எவரும் எவரைப் பார்த்தும் விரலை ஆட்டவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அந்த அரை நொடி ஏன் தமக்குத் தோன்றவில்லை என்று எண்ணியபடியே மைக்கக்கா வாக்கியத்தை முடித்தார். விளக்கை அணைத்தார். அடுத்த வரிக்குப் போகும் முன், அந்தப் பென்சில் கோட்டின்மேல் தம் பேனாவை வைத்து, அழுத்தமாக, தம் கோடுபோல் தெரியும்படி ஒரு முறை இழுத்துக்கொண்டார்.